தெமியார் இளையோருடன் கர்நாடக இசைக் கலைஞர்கள்: எப்படித் தொடங்குவது?

கேள்வி:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் திருவிழாவுக்குத் தமிழகத்திலிருந்து வரும் வயலின், மிருதங்கக் கலைஞர்கள், அருகிலுள்ள ஓராங் அஸ்லி (மலேசியப் பழங்குடியினர்) கிராமத்தில் வாழும் தெமியார் என்ற பிரிவின் இளையோருடன் இணைந்து அவர்களுடைய மரபைக் கொண்டாடும் நிகழ்ச்சி ஒன்றை வழங்க விரும்புகின்றனர். எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1:
ஐயா, முதலில் கிராமத் தலைவரான தோக் பாத்தினைச் சந்தியுங்கள். கனவில் ஆவியொன்று வந்து கற்பித்ததாகக் கருதப்படும் தெமியார் பாடல், அதைப் பெற்றவருக்கே உரியதாக மதிக்கப்படுகிறது. சேவாங் என்னும் ஆடல் பாடல் சடங்கில் நோய் தீர்க்கவும் பாடப்படுவதால், எதை மேடையேற்றலாம் என்பதைக் கிராமத்தாரே முடிவு செய்யட்டும்.

மறுமொழி 2:
மேலே அக்கா சொன்னதோடு சுருதியையும் கவனியுங்கள். தெமியார் இசையில் நீளமும் குட்டையுமான இரண்டு மூங்கில் குழாய்களைப் பெண்கள் கைக்கொன்றாகப் பிடித்து மரக்கட்டையின் மீது மாறி மாறி இடிப்பார்கள். வெட்டிய நீளமே ஒலியைத் தீர்மானிப்பதால் மூங்கில் நம் சுருதிக்கு வராது, வயலின்தான் தந்தியைத் தளர்த்தியோ முறுக்கியோ அதனிடம் போக வேண்டும். மிருதங்கமும் ஓரளவே இடம் கொடுக்கும். ஒருவர் பாடும் அடியைப் பெண்கள் குழு திருப்பிப் பாடுவது நம் பஜனையைப் போன்றதே என்பதால் அப்பகுதி எளிது. முதல் நாள் வித்துவான்கள் வாசிக்காமல் கேட்கட்டும். அவர்களுக்கு அதுதான் கடினம்!

கேட்டவர்:
நன்றி. சன்மானம் எப்படி?

மறுமொழி 1:
இரு தரப்புக்கும் ஒரே அளவு. மழைக்காலமானால் நான்கு சக்கர இயக்க வண்டியையும் ஏற்பாடு செய்யுங்கள்.