பலா மூசு (பிஞ்சு) கருகுதா, ஆண் பூ உதிருதா?

செம்மண்காரன் | காலை 6:40
நேத்து ராத்திரி தோட்டக்காரங்க வாட்ஸ்அப் குழுவுல ஒரு படம் சுத்துச்சு. பலா மரத்தடியில நாலு உருண்டை, கறுத்துப் பூசணம் பூத்துக் கிடக்கு. மேல சிவப்பு எழுத்துல "பிஞ்சு கருகல் நோய், உடனே மருந்து அடிக்கவும், இல்லேன்னா இந்த வருசம் காய் இல்லை". ஐயா, அதுல கிடக்கிறது பிஞ்சே இல்ல. ஆண் பூங்கொத்து. பலாவுல ஆணும் பெண்ணும் ஒரே மரத்துலதான், ஆனா தனித்தனிக் கொத்து. ஆண்தான் எண்ணிக்கையில ஜாஸ்தி. மஞ்சளா மகரந்தம் கொட்டும், தேன் மாதிரி வாசம் அடிக்கும், நாலஞ்சு நாள்ல கறுத்து விழும். அதுக்கு மருந்து அடிக்கிறது, தலையில வெச்சு வாடின மல்லிப்பூவுக்கு வைத்தியம் பார்க்கிற மாதிரி.

வில்லியனூரான் | காலை 7:05
படத்தைப் போட்டது நான்தான். பேர் சொல்லாம குத்த வேணாம். பெருசாக்கிப் பாருங்க, காம்பும் உருண்டையும் சேர்ற இடத்துல பச்சை வளையம் தெரியுது. வளையம் இருந்தா பெண். பண்ருட்டிக்காரருக்கு இதை பாண்டிக்காரன் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கு.

செம்மண்காரன் | காலை 7:11
வளையம் ஆணுக்கும் உண்டு.

வில்லியனூரான் | காலை 7:14
கண்ணுக்குத் தெரியுற மாதிரி பெண்ணுக்குத்தான் உண்டு.

செம்மண்காரன் | காலை 7:32
ஆணுக்கு வளையம் ஒண்ணரையிலிருந்து ரெண்டரை மில்லிமீட்டர். பெண்ணுக்கு மூணுலேருந்து நாலரை. ரெண்டுக்கும் இருக்கு, அகலம்தான் வேற. அதனால வளையத்தை மட்டும் வெச்சு முடிவு கட்டக்கூடாது. காம்பைப் பாருங்க: ஆணுக்கு பென்சிலை விட மெல்லிசு, பெண்ணுக்கு சுண்டுவிரல் கனம். இடத்தைப் பாருங்க: ஆண் பெரும்பாலும் இளங்கிளையில, பெண் அடிமரத்துலயும் பெருங்கிளையிலயும். மேல்தோலைத் தடவுங்க: ஆண் வழவழன்னு இருக்கும், மேல மஞ்சள் தூள் ஒட்டும், பெண் கொத்துல ஒவ்வொரு பூவுக்கும் சூல்தண்டு வெளிய நீட்டிக்கிட்டு சொரசொரன்னு இருக்கும். இதுல எதையாவது பார்த்தீங்களா? படத்துல பக்கத்துல ஒரு ஹவாய் செருப்பு கிடக்கு. அதோட வாரை வெச்சு அளந்தேன். உங்க வளையம் ரெண்டு மில்லிமீட்டர் தாண்டாது.

முந்திரிக்கொட்டை | காலை 7:40
செருப்பை வெச்சு தாவரவியல் பண்ற ஒரே ஆள் நம்ம அண்ணன்தான் 😂

குறிஞ்சிப்பாடி வாசகன் | காலை 8:02
ஒரு சின்ன விஷயம். "பிஞ்சு"ன்னா ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க? மகரந்தம் பட்டு கருவுற்ற பிறகுதானே பிஞ்சு? அதுக்கு முன்ன அது பெண் பூங்கொத்து. "நோய்"ங்கிறதும் அப்படித்தான். செத்த திசுவுல பூசணம் வளர்றது வேற, உயிருள்ள காயை அது அழிக்கிறது வேற. இதைப் பிரிச்சிட்டா பாதி சண்டை தீர்ந்துடும்.

வில்லியனூரான் | காலை 8:09
செருப்பு வார் எந்த கம்பெனின்னு தெரியுமா உங்களுக்கு? ஒண்ணொண்ணு ஒரு அகலம். வளையம் பெருசாத்தான் இருக்கு. ரைசோபஸ் பூசணம் பெண் கொத்தையும் பிடிக்கும், பிஞ்சையும் பிடிக்கும். அது இல்லேன்னு சொல்லுங்க பார்ப்போம். சும்மா இருந்தா மொத்தக் காயும் போயிடும். ஒரு சதவீத போர்டோ கலவை அடிக்கணும்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி 100 லிட்டர். இல்ல, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம்.

செம்மண்காரன் | காலை 8:31
பிடிக்காதுன்னு எவன் சொன்னான்? பிடிச்சா எப்படித் தெரியும்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் ஏன் வர்றேன். நிஜ அழுகல்ல காய் மரத்துல தொங்கும்போதே காம்புப் பக்கமோ காயம் பட்ட இடத்துலயோ பஞ்சு மாதிரி வெள்ளையா ஆரம்பிக்கும். அப்புறம் சாம்பல், அப்புறம் கறுப்பு. மழை, மூடாப்பு, உள்ளே வெயில் படாத அடர்ந்த மரம், அங்கதான் வேகமா பரவும். அதுக்கு முதல் வேலை மருந்து இல்ல. கீழ விழுந்ததைப் பொறுக்கிப் புதைக்கணும், உள்கிளையைக் கழிச்சுக் காத்து விடணும்.

கலவை சொன்னீங்களே, அதுவும் அரைகுறை. துத்தத்தை 50 லிட்டர்ல தனியா கரைக்கணும், சுண்ணாம்பை 50 லிட்டர்ல தனியா. பிளாஸ்டிக் தொட்டியில. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புல ஊத்திக்கிட்டே கலக்கணும், மாத்தி ஊத்தினா திரிஞ்சு தெளிப்பான் முனையை அடைக்கும். தீட்டின இரும்புக் கத்தியை உள்ளே விட்டு எடுங்க. செம்பு நிறம் படிஞ்சா இன்னும் சுண்ணாம்பு வேணும், அப்படியே அடிச்சா இலை கருகும். அன்னிக்கே அடிச்சு முடிக்கணும்.

போன வருசம் முந்திரிக்குத் தேயிலைக் கொசு வந்தப்ப புகை போடச் சொன்ன ஆள்தானே நீங்க? அது கொசுவே இல்ல சார், சாறு உறிஞ்சுற நாவாய்ப்பூச்சி.

வில்லியனூரான் | காலை 8:44
பழசைக் கிளறாதீங்க. வளையத்துக்கு வாங்க.

முந்திரிக்கொட்டை | காலை 9:10
பெண் கொத்துல ஒவ்வொரு முள்ளும் ஒரு பூ. கருவுற்ற பூவோட இதழ்தான் சதை பிடிச்சு சுளையாகுது, கருவுறாதது சடையாப் போகுது. பழம் ஒரு பக்கம் சப்பையா இருந்தா அந்தப் பக்கம் மகரந்தம் படலைன்னு அர்த்தம். அதனாலதான் பலா ஒரு திரள்கனி.

செம்மண்காரன் | காலை 9:16
கூட்டுக்கனி. திரள்கனிங்கிறது சீத்தா, ஒரே பூவுல பல சூலகம். பலா பல பூ சேர்ந்து ஒரே பழம். பேர் முந்திரிக்கொட்டைன்னு வெச்சுக்கிட்டா முந்திக்கணுமா?

முந்திரிக்கொட்டை | காலை 9:19
முந்திரியில கொட்டைதான் கனி, பழம்னு நாம கடிக்கிறது வீங்கின காம்பு. அதனால நான்தான் இங்க அசல் 😎

வில்லியனூரான் | காலை 9:50
பூவைப் பத்திப் பேசுறதா இருந்தா எங்க பாண்டி நாகலிங்கத்தைப் பாருங்க. மாநிலப் பூ. அதுவும் அடிமரத்துலதான் பூக்குது, ஆனா ஒரே பூவுல ஆணும் பெண்ணும். பலா மாதிரி குழப்பம் கிடையாது.

செம்மண்காரன் | காலை 10:03
எங்க பாண்டியாம். தென் அமெரிக்காவுல இருந்து வந்த மரம். அதுல குழப்பம் இல்லையா? பாம்பு படம் எடுத்த மாதிரி ஒரு பாகம் வளைஞ்சிருக்கே, அதுல இருக்கிற மகரந்தம் தேனீக்குத் தீனி. காய் பிடிக்க உதவுறது நடுவுல வட்டமா நிக்கிற கேசரங்களோட (மகரந்த இழைகளோட) மகரந்தம். அங்கேயும் வளையம்தான் சார், அங்கேயும் நீங்க தப்பாத்தான் பார்ப்பீங்க.

பலாவுக்கே வர்றேன். அதோட சொந்தக்காரன் சம்பெடாக்குல, மலேசியாவுல, 2000-ல வெளியான ஆய்வு இருக்கு. ஆண் கொத்துல வளர்ற பூசணத்தைத் தின்ன கொசு மாதிரி ஒரு சின்ன ஈ வருது, முட்டையும் அங்கேயே. அதே வாசத்துக்கு ஏமாந்து பெண் கொத்துக்கும் போகுது, மகரந்தம் ஒட்டிக்கிட்டுப் போகுது. ஆண் கொத்தைப் பூசணம் பிடிக்கக் கூடாதுன்னு மருந்து அடிச்சா எதைக் கெடுக்கிறோம்னு யோசிங்க.

வில்லியனூரான் | காலை 10:15
மலேசியாவுல, சம்பெடாக்குல. பண்ருட்டியில பலாவுல இல்ல. படிச்சுட்டீங்க, சரி.

குறிஞ்சிப்பாடி வாசகன் | காலை 10:22
அந்த மரம் எத்தனை வருசத்து மரம்? 2011 டிசம்பர் 30-ல அடிச்ச "தானே"ங்கிற புயல்ல விழுந்ததுக்குப் பதிலா நட்ட கன்னு நம்ம பக்கம் ஏராளம். புதுசா பூக்கிற மரம் முதல் வருசம் ஆண் கொத்தா மட்டும் தள்ளுறது சகஜம். வயசு தெரிஞ்சா பாதி பதில் கிடைச்சிடும்.

வில்லியனூரான் | காலை 10:30
வயசு எதுக்கு? வளையம் இருக்கு.

செம்மண்காரன் | காலை 10:31
அந்த உருண்டையில ஒண்ணை நெடுக்கால அறுத்துப் படம் போடுங்க, காம்போட. பக்கத்துல ஸ்கேல் வையுங்க, செருப்பு வேணாம்.

வில்லியனூரான் | காலை 10:58
கூட்டிக் குப்பையில போட்டாச்சு. நீங்கதானே பொறுக்கிப் புதைக்கச் சொன்னீங்க?

செம்மண்காரன் | காலை 11:04
நான் அதைச் சொன்னது 8:31-க்கு. வளையம் ஆணுக்கும் உண்டுன்னு சொன்னது 7:11-க்கு. அதை விட்டுட்டு இதை மட்டும் கேட்டீங்களாக்கும்.

முந்திரிக்கொட்டை | காலை 11:06
செருப்பு இன்னும் அங்கேயேதான் கிடக்கா?