என்சலடஸ்: பனி ஓட்டை உடைக்காமலே உள்ளே கடல் இருப்பதை எப்படி அறிந்தார்கள்?

கேள்வி

வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். சனிக் கோளின் நிலவான என்சலடஸின் பனி ஓட்டுக்குக் கீழே உப்புக் கடல் இருக்கிறது என்று சென்ற வாரம் வகுப்பில் சொன்னேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "அங்கே எந்த விண்கலமும் இறங்கவில்லை, துளையிடவும் இல்லை, பிறகு எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்?" என்று கேட்டாள். தென் முனையிலிருந்து நீராவி பீறிடுவதைக் காசினி விண்கலம் படம் பிடித்தது என்றேன். "பனியே நேராக ஆவியாகிக் கிளம்பியிருக்கலாமே" என்றாள். அதற்கு என்னிடம் விடை இல்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நாளையே அவளிடம் சொல்வேன்.

முதல் பதில்

உங்கள் மாணவி எழுப்பிய ஐயத்தைத்தான் துறை ஆய்வாளர்களும் சில ஆண்டுகள் விவாதித்தார்கள் என்பதை முதலில் அவளிடம் சொல்லுங்கள்.

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என்சலடஸை இருமுறை கடந்தபோது, சனியின் காந்தப்புலம் அந்த நிலவுக்கருகே வளைந்து விலகுவதைக் காசினியின் காந்தமானி பதிவு செய்தது. சுமார் 500 கிலோமீட்டர் விட்டமே உள்ள ஒரு பனி உருண்டை அப்படிச் செய்வதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஆகவே மிஷெல் டோகர்ட்டி தலைமையிலான காந்தமானிக் குழுவினர், ஜூலை மாதக் கடப்பை இன்னும் தாழ்வாக அமைக்குமாறு கேட்டார்கள். சுமார் 1000 கிலோமீட்டர் உயரத்தில் செல்லவிருந்த விண்கலம் 175 கிலோமீட்டர் அளவுக்கு இறக்கப்பட்டது. தென் முனையில் நீராவி வெளிப்படுவது அந்தக் கடப்பில்தான் உறுதியானது. ஒரு கருவியின் சிறு முரண்பாட்டைப் பிழையென்று ஒதுக்காமல் விண்கலத்தின் வழியையே மாற்றிய அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி அவளுடைய கேள்விக்கு வருகிறேன். உப்புப் போட்டுக் கொதிக்கும் உலையின் மூடியில் திரளும் நீரில் உப்பு இருக்காது. ஆனால் உலை பொங்கி அடுப்பில் தெறித்த துளி காய்ந்தால் வெள்ளைத் தடம் விழும். ஆவியாகிக் கிளம்பும் நீர் உப்பை விட்டுவிட்டுத்தான் வரும். காசினியின் தூசி ஆய்வுக் கருவி, என்சலடஸ் உமிழ்ந்த பனித் துகள்களால் ஆன சனியின் ஈ (E) வளையத்தில் சோடியம் உப்புகள் செறிந்த துகள்களைக் கண்டது; 2009இல் அது வெளியானது. பின்னர் தென் முனையில் பீறிடும் நீராவித் தாரையின், அதாவது பீற்றின், உள்ளேயே பறந்து அளந்தபோது, உப்பு மிகுந்த கனமான துகள்கள் தரைக்கு அருகில் அதிகமாக இருந்தன. பனி நேராக ஆவியாகியிருந்தால் இவ்வளவு உப்பு வந்திருக்க வழியில்லை. பாறையோடு உறவாடிய திரவ நீர் துளித் துளியாகத் தெறித்து உறைந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னது சரி. ஆனால் உப்பை மட்டும் வைத்து நிலவு முழுவதும் கடல் என்று சொல்லிவிட முடியாது. தென் முனைக்குக் கீழே ஓர் ஏரி இருந்தாலும் அதே உப்பு வந்திருக்கும். என்சலடஸின் அசைவுதான் அந்தக் கேள்வியைத் தீர்த்தது.

கடையில் தேங்காய் வாங்குகிறவர் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறார். உடைக்காமலே உள்ளே நீர் இருப்பது தெரிகிறது. என்சலடஸைச் சனியின் ஈர்ப்பு ஆட்டுகிறது. அதன் பாதை சரியான வட்டம் இல்லாததால், ஒவ்வொரு சுற்றிலும் அது சற்றே முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. ஏழு ஆண்டுகளுக்கு மேலாக எடுத்த படங்களில் பள்ளங்களின் இடத்தை ஒவ்வொன்றாக அளந்த ஆய்வாளர்கள், அந்த ஊசல் ஏறக்குறைய 0.12 பாகை என்று 2015இல் அறிவித்தார்கள். பனி ஓடு உள்ளிருக்கும் பாறையோடு ஒட்டியிருந்தால் ஊசல் இதைவிட மிகக் குறைவாகவே இருந்திருக்கும். ஓடு எந்தப் பக்கத்திலும் பாறையைத் தொடாமல் மிதக்கிறது. அப்படியானால் நீர் நிலவைச் சுற்றிலும் இருக்க வேண்டும். என் கருத்தில் மற்ற எல்லாச் சான்றுகளிலும் வலுவானது இதுதான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தேங்காயையே நாளை வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன். அங்கே ஹைட்ரஜன் கிடைத்ததால் உயிர் இருப்பது உறுதியாகிவிட்டது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அது உண்மையா?

மூன்றாம் பதில்

இல்லை. அப்படிச் சொல்வது தவறு, மாணவர்களிடம் அவசியம் திருத்துங்கள். 2015 அக்டோபர் 28 அன்று காசினி தென் முனைக்கு மேலே 49 கிலோமீட்டர் உயரத்தில் பீற்றை ஊடுருவிச் சென்று மூலக்கூறு ஹைட்ரஜனை அளந்தது. சூடான பாறையும் நீரும் வினைபுரிந்தால் அது உண்டாகும். நம் கடலடி வெந்நீர் ஊற்றுகளில் சில நுண்ணுயிர்கள் அதை உண்டு வாழ்கின்றன. ஆகவே அது உணவு இருப்பதற்கான அடையாளம். உண்பவர் இருப்பதற்கான அடையாளம் அன்று.

உயிரைத் தேடும் கருவி காசினியில் இல்லை. 1997இல் அது புறப்பட்டபோது பீற்று இருப்பதே யாருக்கும் தெரியாது. வாயுக்களை எடைபோட்ட கருவியால் 99 டால்டனுக்கு (மூலக்கூறுகளின் எடையைக் குறிக்கும் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகளை அளக்க இயலாது. எரிபொருள் தீரும் நிலையில், கட்டுப்பாடு இழந்து என்சலடஸிலோ சனியின் இன்னொரு நிலவான டைட்டனிலோ மோதிப் பூமியின் நுண்ணுயிர்களை அங்கே கொண்டு சேர்த்துவிடக் கூடாது என்பதற்காகவே, 2017 செப்டம்பர் 15 அன்று அதைச் சனிக்குள் செலுத்தி எரித்தார்கள்.

ஆனாலும் அது அனுப்பிய தரவுகள் இன்னும் ஆராயப்படுகின்றன. உயிருக்கு இன்றியமையாத பாஸ்பரஸ் அந்தக் கடலில் அரிதாகத்தான் இருக்கும் என்று பலர் எண்ணியிருந்தார்கள். பழைய ஈ வளையத் தரவுகளை மறுபடி அலசியபோது பாஸ்பேட் உப்புகள் தென்பட்டன. காசினி எரிந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 2023இல் அந்த முடிவு வெளியானது. 2024 அக்டோபரில் புறப்பட்டு வியாழனை நோக்கிச் செல்லும் யூரோப்பா கிளிப்பர் விண்கலம், அதே வகைத் தூசிக் கருவியின் மேம்பட்ட வடிவத்தைச் சுமந்து செல்கிறது. அது 2030 ஏப்ரலில் வியாழனை அடையும்போது உங்கள் மாணவி கல்லூரியில் இருப்பாள்.