இடம் மாறியதும் ஆளே மாறிவிட்டார், முன்பே கணித்திருக்க முடியுமா?

நிழல்மரம்:
ஒன்பது பேர் கொண்ட டீமை நடத்துகிறேன். பக்கத்து டீமிலிருந்து ஒருவரை நானே கேட்டு வாங்கினேன். மூன்று வருஷம் அவர் வேலையைத் தூரத்திலிருந்து பார்த்தவன் நான். மீட்டிங்கில் தப்பு தெரிந்தால் முதல் ஆளாகச் சொல்வார், புதிதாக வந்தவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுப்பார். இங்கே வந்து எட்டு மாதம், வாயே திறப்பதில்லை. போன வாரம் வாடிக்கையாளருக்குப் போன ஃபைலில் ஒரு பிழை. அவருக்கு இரண்டு நாள் முன்பே தெரியுமாம், ஏன் சொல்லவில்லை என்றால் 'யாரும் கேட்கவில்லையே' என்கிறார். எடுப்பதற்கு முன் ஆளுமைத் தேர்வுகூட வைத்தோம், மதிப்பெண் பிரமாதம். சம்பளம் குறையவில்லை, வீட்டில் ஒன்றுமில்லை என்கிறார். ஆளைத் தப்பாக எடைபோட்டுவிட்டேனா?

இரவுப்பணி:
ஒரே ஒரு கேள்வி. உங்கள் டீமில் பிழையைச் சொன்னவருக்கு அடுத்து என்ன நடக்கும்? நான் இருந்த ஓர் இடத்தில் யார் கண்டுபிடித்தாரோ அவரே அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். அப்படி எழுதி வைத்த விதி எதுவும் கிடையாது, 'நீதானே பார்த்தாய், உனக்குத்தானே நன்றாகத் தெரியும்' என்று சிரித்துக்கொண்டே தலையில் கட்டிவிடுவார்கள். மூன்றாவது தடவைக்கு அப்புறம் எனக்குக் கண் தெரியாமல் போய்விட்டது! அடுத்த வேலையில் அதே கண் திரும்பி வந்தது.

கட்டைவிரல்:
நீங்கள் ஆளை எடைபோட்டது தப்பில்லை, ஆளை மட்டும் எடைபோட்டதுதான் சிக்கல். ஹார்வர்டு பேராசிரியர் போரிஸ் கிராய்ஸ்பெர்க்கும் அவருடன் வேலை செய்தவர்களும் அமெரிக்க முதலீட்டு வங்கிகளில் நட்சத்திரங்கள் என்று பெயரெடுத்த 1,052 பங்கு ஆய்வாளர்களை 1988 முதல் 1996 வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். வேறு நிறுவனத்துக்குத் தாவியவர்களில் 46 சதவீதம் பேர் அடுத்த வருஷமே சறுக்கினார்கள், சராசரியாகப் பார்த்தால் செயல்திறன் சுமார் 20 சதவீதம் விழுந்தது, ஐந்து வருஷம் கழித்தும் பழைய நிலைக்கு வரவில்லை. தங்கள் கூட்டாளிகளோடு சேர்ந்து போனவர்கள் தனியாகப் போனவர்களைவிடத் தேவலை. அதே மூளை, அதே படிப்புதான். விட்டுவிட்டுப் போனது பக்கத்து நாற்காலியில் இருந்தவரை.

இன்னொன்று, டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட சோதனை. இறையியல் மாணவர்கள் 40 பேர், பேச்சு கொடுக்கப் போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடக்கிறார். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது உதவி செய்தார்கள், நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். அந்த 40 பேரில் ஒரு பாதிப் பேர் பேசப் போன தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை!

பழையசெருப்பு:
சரி, அப்போ எல்லாமே சூழ்நிலைதான், யாரையும் குறை சொல்லக்கூடாது, அப்படித்தானே? நாலு கம்பெனி மாறியும் நாலிலும் வேலையை அடுத்தவர் மேசையில் தள்ளிவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். குணம் என்று ஒன்று இல்லாமலா போய்விடும்?

கட்டைவிரல்:
இல்லை என்று நான் சொல்லவில்லையே. உளவியலாளர் வால்டர் மிஷெல் 1968-இல் கிளப்பிய சண்டையே இதுதான்: குணத்தை அளந்த மதிப்பெண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட சூழலில் ஆள் நடந்துகொள்வதற்கும் உள்ள ஒட்டுறவு (1 என்றால் முழுப் பொருத்தம், பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை) பெரும்பாலும் 0.3-ஐத் தாண்டுவதில்லை என்றார். அது பூஜ்யம் அல்ல. நீங்கள் சொல்லும் நாலு கம்பெனி ஆளைப் பல இடங்களில், பல வருஷம் சேர்த்துப் பார்த்திருக்கிறீர்கள், அந்தச் சராசரியை ஓரளவு நம்பலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் அவர் என்ன செய்வார் என்பது வேறு கணக்கு.

நிழல்மரம்:
இரவுப்பணி கேட்டது உறுத்தியதால் பழைய மீட்டிங் குறிப்புகளைத் தோண்டினேன். அவர் வந்த இரண்டாவது வாரமே ஒரு பிழையைச் சொல்லியிருக்கிறார். என் பதில்: 'அப்புறம் பேசலாம்.' பேசியதாக எங்கேயும் இல்லை. எனக்கு அது நினைவிலேயே இல்லை. ஆக, காரணம் நான்தானா?

இரவுப்பணி:
அதற்குள் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், நடந்து முடிந்ததற்கு எந்தக் கதையும் கச்சிதமாகப் பொருந்தும். அந்த ஒரு வரியாகவும் இருக்கலாம், பழைய டீமில் அவர் சொன்னதும் 'ஆமாம்' என்று ஒத்து ஊதியவர் இங்கே இல்லாததாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அவர் பேசவில்லை என்று நீங்கள் கேட்பதை விட்டிருப்பீர்கள், நீங்கள் கேட்கவில்லை என்று அவர் இன்னும் அடங்கியிருப்பார், எட்டு மாதம் இப்படியே சுற்றினால் எங்கே ஆரம்பித்தது என்று யாரால் சொல்ல முடியும்? அந்தப் பழைய பிழை இன்னும் அப்படியே இருக்கிறதா, அதை முதலில் பாருங்கள்.

நிழல்மரம்:
பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. நாளைக்கு அதை எடுத்துக்கொண்டு நானே அவர் மேசைக்குப் போகிறேன். எல்லார் முன்னாலும் கேட்டால் இன்னும் சுருங்கிவிடுவாரோ என்று தோன்றுகிறது, அதையும் சரியாகக் கணித்திருக்கிறேனா தெரியவில்லை.