ஒரே இணைப்பில் நான்கு கணினிகள்: மாடியிலிருந்து பிரிண்டர் தெரியவில்லை

கேள்வி (மன்னார்குடி):
வணக்கம். எங்களுடையது நடுமுற்றம் வைத்துக் கட்டிய பழைய வீடு, சுவர்கள் கனமானவை. முன்கட்டில் இருக்கும் ஃபைபர் மோடத்தின் வைஃபை மாடிக்கு எட்டாததால், இணைப்புத் தர வந்தவர் மாடிக்குக் கேபிள் இழுத்து அங்கே தனியாக ஒரு ரவுட்டர் வைத்துக் கொடுத்தார். இணையம் இரண்டு இடத்திலும் நன்றாகவே வருகிறது. ஆனால் முன்கட்டுப் பிரிண்டர் மாடிக் கணினிகள் இரண்டிலும் தெரிவதில்லை. மாடியில் பகிர்ந்து வைத்த நெல் கணக்குக் கோப்புகளைக் கீழிருந்து திறக்கவும் முடியவில்லை. அடுத்து கொல்லையில் உள்ள கிடங்கிற்கும் கேபிள் இழுக்க எண்ணியிருப்பதால், அதற்கு முன் இதைச் சரிசெய்ய விரும்புகிறேன்.

பதில் (கும்பகோணம்):
வணக்கம் ஐயா. கீழே ஒன்று, மாடியில் ஒன்று என இரண்டு கணினிகளின் ஐ.பி. முகவரிகளையும் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்), மாடி ரவுட்டரில் கேபிள் எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்பதையும் தெரிவியுங்கள்.

கேட்டவர்:
கீழே 192.168.1.5, மாடியில் 192.168.0.101. கேபிள், 'வான்' என்று எழுதிய நீல நிறத் துளையில் இருக்கிறது.

பதில் (கும்பகோணம்):
காரணம் அந்த வான் (WAN) துளைதான்; வெளியிலிருந்து இணையம் உள்ளே வருவதற்கான துளை அது. உங்கள் முகவரிகளின் மூன்றாம் எண் 1, 0 என வேறுபடுவதும் இதையே காட்டுகிறது. வான் துளையில் செருகியதால் மாடி ரவுட்டர் தனக்கென்று வேறொரு நெட்வொர்க்கை உருவாக்கி, மாடிக் கணினிகளை அதற்குள் மறைத்துவிடுகிறது. இணையம் போய்வர அது தடையில்லை, ஆனால் பிரிண்டரைத் தேடும் அழைப்பு அந்த எல்லையைத் தாண்டாது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது நெட்வொர்க் அன்று, முதல் நெட்வொர்க்கின் நீட்சி. மாடி ரவுட்டரில் 'அக்சஸ் பாயின்ட்' (தனி நெட்வொர்க் உருவாக்காமல் இருப்பதையே நீட்டித் தரும் முறை) என்ற வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இல்லையென்றால், கீழிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு கணினியை ரவுட்டரின் லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளையில் இணைத்து அமைப்புப் பக்கத்தைத் திறந்து, முதலில் டி.எச்.சி.பி.யை (கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதி) நிறுத்துங்கள், பிறகு ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். அந்த எண்ணை மோடம் வேறு கருவிக்குக் கொடுத்துவிடாதபடி, மோடம் முகவரி வழங்கும் வரம்பை 192.168.1.10க்கு மேல் தொடங்கச் செய்யுங்கள். கடைசியாக, கீழிருந்து வரும் கேபிளை வான் துளையில் அல்லாமல் லேன் துளையில் செருகுங்கள்.

பதில் (தஞ்சாவூர்):
கிடங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செம்புக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பது உண்மைதான். ஆயினும் திறந்தவெளியில் அதை இழுக்க வேண்டாம் என்றே சொல்வேன். இடி மின்னல் நேரத்தில் அந்தக் கேபிள் வழியே மின்பாய்ச்சல் ஏறி, இரண்டு முனைகளிலும் உள்ள கருவிகளைக் கெடுத்துவிடக்கூடும். ஃபைபர் கேபிள் இழுத்து, முனைக்கு ஒன்றாக மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரின் ஒளியைச் செம்புக் கேபிளுக்கான மின்சைகையாகவும், அதைத் திருப்பியும் மாற்றும் கருவி) வைத்தால் அந்தக் கவலை இல்லை. செலவு சற்றுக் கூடும்தான், ஆனால் ஐப்பசி மழையைத் தாங்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பிரிண்டர் இப்போது மாடிக் கணினிகள் இரண்டிலும் தெரிகிறது. கோப்புகள் மட்டும் இன்னும் திறக்கவில்லை.

பதில் (கும்பகோணம்):
மாடிக் கணினிகளின் விண்டோஸ் அமைப்பில் நெட்வொர்க் வகை 'பப்ளிக்' (பொது இடம்) என்று இருக்கும், அதனால் கோப்புப் பகிர்வு தடுக்கப்படுகிறது; 'பிரைவேட்' (சொந்த வீடு) என்று மாற்றுங்கள்.

கேட்டவர்:
மாற்றியதும் திறந்துவிட்டது. கிடங்கிற்கு ஃபைபரே இழுக்கச் சொல்லிவிட்டேன்.