மறு: ஸ்டாக், ஃப்ளோ: இருப்பு, வரத்து, வெளியேற்றம்னே வெச்சுக்கலாமே

எல்லாருக்கும் வணக்கம்.

இழைக்கு வந்த மறுமொழி எல்லாத்தையும் நிதானமா படிச்சேன், ரொம்ப நன்றி. இடையில சேர்ந்தவங்களுக்காக ஒரு வரி சொல்லிடறேன். இந்த கோடையில ஆன்லைன்ல சிஸ்டம் டைனமிக்ஸ் (அணை, ஆலை, மக்கள்தொகை மாதிரி ஒண்ணுல அளவுகள் காலப்போக்குல எப்படி, ஏன் மாறுதுன்னு மாடல் போட்டுப் பார்க்கற துறை) கோர்ஸ் ஒண்ணு படிச்சுக்கிட்டிருக்கேன், படிக்கப் படிக்க கையோட தமிழ்ல குறிப்பு எழுதி வெச்சா அடுத்து படிக்க வர்ற பசங்களுக்கு உதவும்னு ஆரம்பிச்சா முதல் பாடத்துலயே ஸ்டாக் (சேர்ந்து இருக்கற அளவு), ஃப்ளோ (அது கூடற, குறையற வேகம்)னு ரெண்டு சொல் வந்து நிக்குது, இதுக்கெல்லாம் தமிழ்ல என்ன சொல்லலாம்னுதான் இங்க கேட்டிருந்தேன். மாடல் மொத்தமும் இந்த ரெண்டாலதான் ஆகுது, அதனால இதுல அவசரப்படக்கூடாதுன்னு நினைக்கிறேன்.

வென்சிம் மென்பொருள்ல (படிக்கிறவங்களுக்கு இலவச பதிப்பு இருக்கு) ஸ்டாக்குன்னா ஒரு பெட்டி வரையணும், ஃப்ளோன்னா அந்த பெட்டிக்குள்ள வர்ற குழாய் இல்ல வெளிய போற குழாய், குழாய் நடுவுல ஒரு வால்வு, மறுமுனையில ஒரு மேகம். அந்த மேகத்துக்கு அப்பால என்ன நடக்குதுங்கறது இந்த மாடலோட கணக்குல இல்லன்னு அர்த்தம். பெட்டியில இருக்கற அளவு குழாய் வழியா மட்டும்தான் மாறும், வேற எந்த வழியிலயும் மாறாது. நாம தேடற சொல் இந்த விதியை பறிகொடுக்காம இருக்கணும்.

ஸ்டாக்குக்கு வந்ததுல திரள், தேக்கம், இருப்பு மூணும் பரிசீலிக்க வேண்டியவை. தேக்கம்னு சொன்னா நகராம நிக்கற மாதிரி ஒரு குறை ஒட்டிக்குது, பொருளாதார தேக்கம்னு பேப்பர்ல வர்ற அர்த்தம்தான் முதல்ல மனசுக்கு வரும். திரள் அழகான சொல்தான், ஆனா கூட்டம்ங்கற வாசனை போகல. என் ஓட்டு இருப்புக்கு, காரணம் அது ஏற்கனவே தினமும் இதே அர்த்தத்துல புழங்கிக்கிட்டு இருக்கு. மேட்டூர் அணை செய்தியை எடுத்துக்கங்க, நீர்மட்டம் இவ்வளவு அடி, நீர் இருப்பு இவ்வளவு டிஎம்சி, நீர்வரத்து வினாடிக்கு இவ்வளவு கனஅடி, நீர் வெளியேற்றம் இவ்வளவு கனஅடின்னு ரெண்டே வரியில ஒரு முழு ஸ்டாக் ஃப்ளோ மாடலை நம்ம பேப்பர்காரங்க பல வருஷமா எழுதிக்கிட்டு வர்றாங்க, டெல்டா விவசாயி ஒவ்வொருத்தரும் அதை புரிஞ்சுதான் படிக்கிறார்.

அலகு கூட அதுலயே இருக்கு. இருப்புக்கு டிஎம்சி, வரத்துக்கு வினாடிக்கு கனஅடி, அதாவது ஃப்ளோவோட அலகுன்னா ஸ்டாக்கோட அலகை நேரத்தால வகுத்தது. உதாரணத்துக்கு வரத்து 20,000 கனஅடி, வெளியேற்றம் 8,000னு வைங்க, வித்தியாசம் 12,000, ஒரு நாளைக்கு 86,400 வினாடி, பெருக்கினா 103 கோடி கனஅடி சொச்சம். ஒரு டிஎம்சின்னா 100 கோடி கனஅடி, ஆக 50 டிஎம்சி இருந்த அணை மறுநாள் 51-ஐ தாண்டும். இப்ப வரத்து 15,000-ஆ குறையுதுன்னு வைங்க, தலைப்பு "நீர்வரத்து சரிவு"ன்னு வரும், ஆனா இருப்பு அப்பவும் ஏறிக்கிட்டேதான் இருக்கும், வரத்து 8,000-க்கு கீழ போனாதான் அது இறங்கவே ஆரம்பிக்கும். கோர்ஸ்ல இதுக்குன்னே ஒரு வாரம் ஒதுக்கியிருக்காங்க. அமெரிக்காவுல இருக்கற எம்ஐடியில ஜான் ஸ்டெர்மனும் லிண்டா பூத் ஸ்வீனியும் 2000 வாக்குல அங்க படிக்கிற மாணவங்களுக்கே இந்த மாதிரி தொட்டி கணக்கு குடுத்துப் பார்த்தாங்க, கால்குலஸ் படிச்சவங்களே நிறைய பேர் தடுமாறியிருக்காங்க. கொரோனா சமயத்துலயும் இதேதான், புதிய தொற்று குறைஞ்சிருச்சுன்னு எல்லாரும் நிம்மதி ஆனப்ப சிகிச்சையில் உள்ளோர் எண்ணிக்கை இன்னும் ஏறிக்கிட்டிருந்தது, ஏன்னா குணமாகி வீட்டுக்குப் போறவங்களைவிட புதுசா வர்றவங்க அப்பவும் அதிகம். அந்த அறிக்கையை இருப்பு, வரத்து, வெளியேற்றம்னு மூணு பத்தியா போட்டிருந்தா பலபேருக்கு விளங்கியிருக்கும்.

ஃப்ளோவுக்கு வரவு, செலவுன்னு போகலாம்னு அய்யா ஒருத்தர் எழுதியிருந்தார், எனக்கும் மனசு அங்கதான் முதல்ல போச்சு. இரு, வா, செல் மூணு வினையிலேர்ந்து இருப்பு, வரவு, செலவு வருது, கணக்கு நோட்டு போடற எல்லாருக்கும் தெரியும், சங்கப் பாட்டுல செலவுன்னா பயணம் போறதுதானே, பணத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா மக்கள்தொகை மாடல்ல இறப்பை செலவுன்னு எழுத கை வரல. வரத்துக்கு அந்த சிக்கல் இல்ல, கோயம்பேட்டுல காய்கறி வரத்து குறைஞ்சு விலை ஏறிடுச்சுங்கறோம், ஆக தண்ணியைத் தாண்டியும் புழங்குது. வெளியேற்றம்னா பலவந்தமா துரத்தறதாச்சேன்னு ஒரு நண்பர் கேட்டிருந்தார். முன்னேறு முன்னேற்றம், குடியேறு குடியேற்றம் மாதிரி வெளியேறு வெளியேற்றம்னும் வரும், தானா போறதையும் போக வைக்கறதையும் அது ரெண்டையும் தாங்கும். போக்குன்னு சுருக்கலாம்தான், ஆனா வரைபடத்தோட போக்குன்னு அடுத்த வரியிலயே எழுத வேண்டி வரும், அங்க குழப்பம். பொதுவா ஃப்ளோன்னு மட்டும் சொல்லணும்னா பாய்வு போதும்.

பின்னூட்டச் சுழல்லதான் (ஃபீட்பேக் லூப், அதாவது ஒரு மாற்றத்தோட விளைவு சுத்தி வந்து அதே மாற்றத்தை பாதிக்கறது) உண்மையான கஷ்டம். நேர், எதிர்மறைன்னு பாடநூல் பழக்கத்துல எழுதினா பசங்க நல்லது, கெட்டதுன்னு எடுத்துக்கறாங்க. அதுக்கு பதிலா பெருக்கும் சுழல், தணிக்கும் சுழல்னு குழுவுல நிறைய பேர் ஆதரிச்சிருக்கீங்க, நான் ஒத்துக்க மாட்டேன். பேங்க் கவிழப்போகுதுன்னு வதந்தி கிளம்பினா சிலர் பணத்தை எடுக்கறாங்க, அதைப் பார்த்து இன்னும் பலர் எடுக்கறாங்க, இது அதே ரகச் சுழல்தான், ஆனா இங்க டெபாசிட் பெருகல, கரையுது. அந்தப் பக்கம் வாட்டர் ஹீட்டர்ல தெர்மோஸ்டாட் தண்ணியை சூடேத்தி குறிச்ச அளவுக்கு கொண்டு வருது, இங்க எதுவும் தணியல, ஆனா இது ரெண்டாவது ரகம். ஆக ஏறுதா இறங்குதாங்கறது அளவுகோலே இல்ல, போற திசையிலயே இன்னும் வேகமா தள்ளுதா, இல்ல ஒரு இலக்கை நோக்கி இழுக்குதாங்கறதுதான் வித்தியாசம். முதலாவதுக்கு முடுக்குச் சுழல், ரெண்டாவதுக்கு சமன் சுழல்னு முன்வைக்கிறேன். முடுக்கம்ங்கற சொல் இயற்பியல் படிச்ச எல்லாருக்கும் பழக்கம், எந்தத் திசையிலயும் முடுக்கலாம்.

டிலேக்கு தாமதமே போதும், கர்நாடகத்துல திறந்த தண்ணி மேட்டூருக்கு வந்து சேர நாளாகுது, அது யாரோட தப்பும் இல்ல, இதுக்குன்னு புதுசா ஒண்ணு தேட வேண்டாம்.

துறைப் பேருக்கு வர்றேன். இந்தத் துறையை உருவாக்கின ஜே ஃபாரஸ்டர் 1956-ல எம்ஐடி மேனேஜ்மென்ட் ஸ்கூலுக்கு வந்தப்ப ஜெனரல் எலெக்ட்ரிக்காரங்க கென்டக்கியில இருந்த வீட்டு சாதன ஆலையோட பிரச்சினையை கொண்டு வந்தாங்க, சில வருஷம் ஷிஃப்ட் மேல ஷிஃப்ட் போட்டு ஓடுது, சில வருஷம் கழிச்சு பாதி ஆளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கு. அவர் கம்ப்யூட்டர் இல்லாம நோட்டுத்தாள்லயே சரக்கிருப்பு, ஆர்டர், வேலையாட்கள்னு வாரா வாரம் கணக்கு போட்டுப் பார்த்தார். வெளிய இருந்து ஆர்டர் சீரா வந்தா கூட அவங்க ஆள் எடுக்கற விதத்தாலயே அந்த ஏத்த இறக்கம் தானா உண்டாகுதுன்னு தெரிஞ்சது. உள்ள இருக்கற உறவுகளே ஆட்டத்தை உண்டாக்குதுங்கறதுதான் துறையோட உயிர், பேர்லயும் அது தெரியணும்.

சிஸ்டத்துக்கு அமைப்புன்னா கட்சி அமைப்பு, சங்க அமைப்புன்னு போயிடும். தொகுதின்னு ஈழத்து நண்பர்கள் சொல்றது நியாயம், நரம்புத் தொகுதின்னு அங்க பாடநூல்லயே இருக்கு, ஆனா தமிழ்நாட்டுல தொகுதின்னாலே தேர்தல் ஞாபகம், இங்க நாம நரம்பு மண்டலம்ங்கறோம், மண்டலத்தை எடுத்தா மின்வாரிய மண்டலம், ரயில்வே மண்டலம். முறைமை ரெண்டு பக்கமும் தெரிஞ்ச சொல், அதனால முறைமை இயக்கவியல். இயக்கவியல்னா மார்க்சியவாதிகள் இயக்கவியல் பொருள்முதல்வாதத்தை நினைப்பாங்கன்னு ஒரு ஆட்சேபம் வந்தது, வெப்ப இயக்கவியல் படிக்கிறப்ப யாரும் குழம்பறதில்லையே, இதுலயும் குழம்ப மாட்டாங்க.

இலங்கையிலேர்ந்து எழுதறவங்க முறைமையும் வெளியேற்றமும் உங்க வகுப்பறையில எடுபடுமான்னு மட்டும் ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க. முடுக்குச் சுழலை மறுக்கறவங்க பேங்க் உதாரணம், ஹீட்டர் உதாரணம் ரெண்டுலயும் நிக்கற மாதிரி வேற சொல்லோட வாங்க, நல்லா இருந்தா உடனே மாத்திக்கறேன். அதுக்கப்புறம் எல்லாத்தையும் விக்சனரியில ஏத்திடலாம், முதல் பாடத்தோட குறிப்பையும் அதே நாள்ல இங்க போடறேன்.