கிராம சபையில் வைக்க ஒரு தீர்மானம், எழுத உதவுங்கள்

தோழிகளுக்கு வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஒரு ஊராட்சியில் மகளிர் குழுவில் இருக்கிறேன். எங்கள் துணை சுகாதார நிலையத்தில் கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் இல்லை. செக்கப்புக்கு வரும் கர்ப்பிணிகள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. எட்டு மாசப் பிள்ளைத்தாய்ச்சி ஒண்ணுக்கை அடக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நர்சம்மாவே குடத்தில்தான் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார்.

கிராம சபைக்கு வருவதில் பெரும்பாலானோர் நூறு நாள் வேலைப் பெண்கள். நோட்டில் கையெழுத்து வாங்கியதும் பேச்சு தெருவிளக்கு, வாறுகால் என்று போய்விடுகிறது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016-லேயே சட்டம் வந்தாச்சு. எங்கள் தலைவரும் பெண்தான். ஆனால் கூட்டத்தில் பதில் சொல்வது அவர் வீட்டுக்காரர். அந்த அம்மாவைப் பேசவிட்டால் எங்கள் கஷ்டம் புரியும் என்றே நம்புகிறேன்.

வருகிற ஆகஸ்ட் 15 கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே வைக்கப் போகிறோம். வாசகம் எப்படி இருக்க வேண்டும்? கிராம சுகாதாரக் குழுவுக்குத் தேசிய சுகாதார இயக்கத்திலிருந்து வருஷத்துக்கு 10,000 ரூபாய் வரை ஒதுக்க வழி உண்டு. அதில் குழாய் இணைப்பு, தொட்டி யாராவது செய்திருக்கிறீர்களா? கணக்கை எங்கே கேட்டுப் பார்ப்பது? தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்ற மறுத்தால் முதலில் பிடிஓவிடம் (வட்டார வளர்ச்சி அலுவலர்) போவதா, கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாளுக்கே போய்விடலாமா?

உங்கள் ஊரில் நிறைவேறிய தீர்மான நகல் இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள். ஊர்ப் பெயரை மறைத்தாலும் பரவாயில்லை, வாசகம் தெரிந்தால் போதும்.