உதவி: ரெண்டு குரூட் (கச்சா எண்ணெய்) கலந்தோம், ஏபிஐ (எண்ணெய் லேசா கனமான்னு காட்டுற எண்), சல்ஃபர் சரி, ஆனா பிளெண்ட் டேங்க் அடியில கறுப்புச் சேறு

ஷிஃப்ட்_பி: அவசரம். பிளெண்ட் கணக்கு சரியாத்தான் இருக்கு. டெசால்ட்டர்ல (குரூட்டோட உப்பக் கழுவுற கலம்) ராக் லேயர் (எண்ணெயும் தண்ணியும் பிரியாம நிக்கிற நடு அடுக்கு) ஏறிக்கிட்டே போகுது, பிரைன் (கீழ வடியுற உப்புத்தண்ணி) கறுப்பா வருது. டீமல்சிஃபையர் (எண்ணெய், தண்ணியப் பிரிக்கிற மருந்து) கூட்டியும் அடங்கல.

வால்வு_மேஸ்திரி: எந்த குரூட், எத்தனை சதவீதம், டேங்க்ல எது முதல்ல ஏறுச்சு? இது தெரியாம என்ன சொல்றது?

மெழுகு_மணி: மெழுகுதான். 60 டிகிரிக்கு சூடேத்துங்க.

ஷிஃப்ட்_பி: பாஸ்ரா ஹெவி (ஈராக்கோட கனமான குரூட்) 30 சதவீதம், டபிள்யூடிஐ (அமெரிக்காவோட லேசான குரூட்) 70. ஏபிஐ 36, சல்ஃபர் 1.4.

பழைய_பெஞ்ச்: ஏபிஐயும் சல்ஃபரும் விலை பேசத்தான் தம்பி. அஸ்ஃபால்டீன் (குரூட்ல இருக்கிற கனமான கறுப்புப் பொருள்) கரைஞ்சு நிக்குமான்னு அதுல தெரியாது. முதல் வருஷப் பாடம் இது.

லேப்_அக்கா: சேறுல கொஞ்சம் எடுத்து வெதுவெதுப்பான ஹெப்டேன்ல ஆட்டுங்க. கரைஞ்சா மெழுகு. கரையாம டோலுயீன்ல கரைஞ்சா அஸ்ஃபால்டீன். ரெண்டுலயும் நின்னா மணல், உப்பு, அயர்ன் சல்ஃபைடு.

வால்வு_மேஸ்திரி: ஹெவியோட கரையாமை எண் (அஸ்ஃபால்டீன் உதிராம இருக்க வேண்டிய குறைஞ்சபட்ச கரைதிறன்) 35, கரைதிறன் எண் (எண்ணெய் எவ்வளவு கரைச்சு வைக்கும்ங்கிறது) 70, லைட்டோட கரைதிறன் எண் 25னு வைங்க (உங்க எண்ணை லேப்ல எடுக்கணும்). பிளெண்ட் 0.3×70 + 0.7×25 = 38.5. 35-ஐ நூலிழையில தாண்டுது. 1.4 மடங்கு, அதாவது 49 இருந்தாத்தான் ஹீட் எக்ஸ்சேஞ்சர் படிவு கட்டாம தப்பும். அதுக்கு ஹெவி 53 சதவீதத்துக்கு மேல வேணும்.

மெழுகு_மணி: சேறு கட்டுதுன்னா ஹெவியக் கூட்டச் சொல்றீங்களா?!

வால்வு_மேஸ்திரி: ஆமா. கரைச்சு வைக்கிற அரோமாட்டிக் ஹெவியிலதான் இருக்கு. ஆனா 55 போட்டா சல்ஃபர் 2.4 பக்கம் போகும், யூனிட் தாங்குமான்னு பாருங்க. தாங்காதுன்னா லைட் சைக்கிள் ஆயில் (அரோமாட்டிக் நிறைஞ்ச ரிஃபைனரி எண்ணெய்) கொஞ்சம் சேர்க்கலாம்.

லேப்_அக்கா: ஸ்பாட் டெஸ்ட் (ஒரு சொட்ட வடிதாள்ல விட்டுப் பாக்குற ஏஎஸ்டிஎம் முறை, டி4740) போட்டும் பாருங்க. வடிதாள்ல நடுவுல கறுப்பு வளையம் விழுந்தா ஒத்துப்போகல.

பழைய_பெஞ்ச்: டி4740 ஃப்யூல் ஆயிலுக்கு எழுதினது. குரூடுக்குப் போட்டு வளையம் எண்ணுறது ஜோசியம்.

லேப்_அக்கா: சான்றிதழுக்கா கேட்டேன்? சுலபமா சந்தேகம் தீர வேற வழி சொல்லுங்க சார்.

பழைய_பெஞ்ச்: மைக்ராஸ்கோப். ஒரு சொட்டு போதும்.

மெழுகு_மணி: எங்க லேப்ல அதுக்கு பல்பே இல்ல.

ஷிஃப்ட்_பி: டோலுயீன்ல கரைஞ்சுது, ஹெப்டேன்ல இல்ல. லைட் இருந்த டேங்க்லதான் ஹெவிய ஏத்தியிருக்காங்க.

வால்வு_மேஸ்திரி: அதான். முதல்ல விழற ஹெவி முழுக்க லைட்டுக்குள்ள மாட்டும், அஸ்ஃபால்டீன் அங்கேயே உதிரும். கடைசி விகிதம் சரியானாலும் லேசில திரும்பக் கரையாது. ஹெவி முதல்ல, லைட் அப்புறம், மிக்சர ஓடவிட்டு மெதுவா.

ஷிஃப்ட்_பி: மாத்திட்டோம். ராக் லேயர் இறங்குது. நன்றி.

வால்வு_மேஸ்திரி: விகிதத்தையும் மாத்தினீங்களா, வரிசைய மட்டுமா?

வால்வு_மேஸ்திரி: தம்பி?